நனோ பசளைப் போத்தலும் எங்கள் வயலும்

அண்மையில் மல்லாவியில் கமக்காரர் சிலருடன் நாம் பேசிக்கொண்டிருந்தபோது, வயதில் மூத்த ஒருவர் எழுந்து வீட்டுக்குள் போய் ஒரு வெறும் போத்தலை எடுத்து வந்தார். அரை லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் போத்தல். 2021ஆம் ஆண்டின் காலபோகத்தின்போது, மட்டக்களப்புப் பக்கம் இருந்த மருமகன் கொண்டுவந்து கொடுத்ததாம்.

"தெளிச்சனான் தம்பியவை. பயிர் பச்சை கட்டவுமில்லை, பழுதாய்ப் போகவுமில்லை. ஆனா உதுக்குள்ள என்ன கிடந்ததெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது" என்றார்.

அருகில் இருந்த அவரது மனைவியின் கேள்வி வேறாக இருந்தது. "தெளிச்சுப்போட்டு வந்து அதே கையால பேரப்பிள்ளையைத் தூக்கினவர். உது ஆளுக்குப் பழுதோ எண்டு ஆராவது சொன்னவையே?"

இந்த இரு கேள்விகளும் அன்று முழுவதும் எம்முடனேயே இருந்தன. போத்தலுக்குள் இருந்தது என்ன? அது பயிருக்கும் மண்ணுக்கும் குளத்துக்கும் ஆளுக்கும் தீங்கற்றதா? நனோ துணிக்கைகளின் பாதுகாப்புப் பற்றி உலகில் நடந்துவரும் ஆராய்ச்சிகளுள் எமது வாசகர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கு தருகிறோம்.

யூரியா இல்லாத இரு காலங்கள்

வன்னி மக்களுக்கு யூரியா இல்லாமற் போவது புதிதல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யூரியாவும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் மல்லாவியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வந்து நிறைந்தபோது, உண்ண வேண்டிய வாய்கள் பெருகின, பசளை வரவில்லை. கிளிசரிடியாக் குழையும் பூவரசங் குழையும் மாட்டெருவும் கொண்டே அக்காலத்தில் வயல் செய்தோம். விளைந்தது குறைவு, ஆயினும் மண்ணில் என்ன போடுகிறோம் என்பது எமக்குத் தெரிந்திருந்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின்னரே யூரியா மூடைகள் மீண்டும் தாராளமாக வந்தன. 2008இல் மல்லாவியே இடம்பெயர்ந்தது. 2009இன் பிற்பகுதியில் துணுக்காய்ப் பக்கம் மீளக்குடியமர்வு ஆரம்பித்தபோது, பற்றை மண்டிக் கிடந்த வயல்களைத் திரும்பவும் திருத்த வேண்டியிருந்தது.

இரண்டாவது தடை 2021 மே மாதத்தில் வந்தது. இம்முறை போரினால் அல்ல; இரசாயனப் பசளை இறக்குமதியையே அரசாங்கம் நாடு முழுவதற்கும் நிறுத்தியது. காலபோக விதைப்பு நெருங்கியதும் நிலைமை இறுகிற்று. ஒக்டோபர் மாதம் இந்தியாவிலிருந்து 'நனோ நைதரசன்' எனும் திரவப் பசளை விமானமூலம் கொண்டுவரப்பட்டது. நவம்பர் தொடக்கத்தில் இந்திய வான்படையின் இரு பெரிய விமானங்கள் 100 தொன் அளவில் இறக்கின. பசளையை ஆகாயத்தால் கொண்டுவரும் நாளையும் நாம் கண்டோம்! அம்மாத இறுதிக்குள் தடை நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் காலம் கடந்திருந்தது. 2022இன் காலபோக நெல் அறுவடை முந்திய ஆண்டினதைவிட மூன்றிலொரு பங்குக்கு மேலாக வீழ்ந்தது.

நனோ என்பது எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். ஒன்று முதல் நூறு நனோமீற்றர் வரையான பொருள்களை நனோ துணிக்கைகள் என்கின்றனர்.

சிறியதாவதால் என்ன மாறிவிடும்? பக்கத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கொண்ட ஒரு கட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் ஆறு முகங்களையும் சேர்த்தால் ஆறு சதுர சென்ரிமீற்றர் பரப்பளவுதான். அதே கட்டியைப் பத்து நனோமீற்றர் அளவான துண்டுகளாக்கினால், எல்லாத் துண்டுகளின் மேற்பரப்பும் சேர்ந்து 600 சதுர மீற்றராகும்; எமது கணக்கில் இரண்டு பரப்புக் காணிக்கும் மேல். பொருள் கூடவில்லை, நிறை கூடவில்லை. நீரையும் காற்றையும் உடலையும் தொடும் முகம் மட்டும் பெருகிவிடுகிறது. எனவேதான் கட்டியாக இருக்கும்போது சாதுவான ஒரு பொருள், நனோ அளவில் வேறு குணம் காட்டக்கூடும். பழைய பொருளுக்குச் செய்த பாதுகாப்புச் சோதனையை வைத்துக்கொண்டு புதிய துணிக்கைக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது என ஆராய்ச்சியாளர் கூறுவதன் காரணமும் இதுவே. 2004இல் பிரித்தானியாவின் றோயல் சொசைற்றி வெளியிட்ட அறிக்கை இதனை அழுத்திச் சொன்னது. 2006இல் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு, சோதனை முறைகளை ஒழுங்கு செய்வதற்கெனத் தனிக் குழு ஒன்றை அமைத்தது.

நனோ என்றதும் அஞ்ச வேண்டுமென்பதில்லை. அடுப்புப் புகையிலும் வைக்கோல் எரிக்கும் புகையிலும் நனோ துணிக்கைகள் உள்ளன. எமது தாய்மார் தலைமுறை தலைமுறையாக அவற்றைச் சுவாசித்தே வந்துள்ளனர். (அது நல்லதென்று நாம் சொல்லவரவில்லை, புகைபோக்கி இல்லாத குசினியின் கேடு பற்றித் தனியே எழுதலாம்.) இங்கே பேசப்படுவது, ஆலையில் வேண்டுமென்று செய்யப்பட்டு, ஒரே அளவாக, பெருந்தொகையாக வெளியே விடப்படும் துணிக்கைகளைப் பற்றியாகும்.

நெஞ்சுக்குள் போனால்

அதிகம் ஆராயப்பட்டிருப்பது சுவாசிக்கும் வழிதான். 2008இல் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் நீண்ட காபன் நனோ குழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தனர். அஸ்பெஸ்ரஸ் நார் உண்டாக்குவதைப் போன்ற அழற்சி அங்கு உண்டாயிற்று. குட்டையான குழாய்கள் அவ்வாறு செய்யவில்லை. பொருள் ஒன்றேயாயினும், வடிவம் மாறியதும் தீங்கும் மாறியது. 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம், அக்குழாய்களுள் ஒரு வகையை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' எனும் வரிசையில் சேர்த்தது.

மனிதர் பற்றிய ஒரு துயரச் செய்தியும் உண்டு. சீனாவில் காற்றோட்டமில்லாத அறையொன்றில் நனோ துணிக்கை கலந்த பூச்சைத் தெளித்து வேலை செய்த ஏழு பெண்களுக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது, இருவர் இறந்தனர். 2009இல் மருத்துவ சஞ்சிகையொன்று இதனை வெளியிட்டது. அவர்களின் நுரையீரலில் துணிக்கைகள் காணப்பட்டன. ஆனால் அதே பூச்சில் வேறு இரசாயனங்களும் இருந்தமையால், குற்றம் துணிக்கையினுடையதுதான் என்று உறுதிகூற முடியாதெனப் பிற அறிஞர் மறுத்தனர். அந்த வாதம் எப்படியாயினும், மூடிய இடத்தில், காப்பின்றி, மெல்லிய தூறலை மாதக்கணக்காகச் சுவாசித்தார்கள் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை. முதுகில் ஸ்பிறேயர் சுமப்பவர்கள் இதனை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

வன்னியில் சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பல. ஆதலால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2007இல் நடந்த ஒரு விலங்குச் சோதனையில், இரத்தத்தில் செலுத்தப்பட்ட துணிக்கைகளுள் 5.5 நனோமீற்றரிலும் சிறியவை சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு வெளியேறின. பெரியவை ஈரல் முதலிய உறுப்புகளில் தங்கின. எமது பகுதியின் சிறுநீரக நோய்க்கு நனோ பசளை காரணமென்று இதிலிருந்து எவரும் முடிவுகட்டக் கூடாது. அந்த நோய் நனோ பசளை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கு இருந்தது. ஏற்கெனவே நோயுற்ற சிறுநீரகம் உடையவர் எந்தத் தெளிப்பு வேலையிலும் இறங்காதிருப்பது நன்று. அது பொதுவான புத்தி.

உணவிலும் சர்ச்சை உண்டு. இனிப்புப் பண்டங்களுக்கு வெண்மை தரச் சேர்க்கும் ரைற்றேனியம் டயொக்சைட்டின் ஒரு பகுதி நனோ அளவில் உள்ளது. பரம்பரை அலகுக்குச் சேதம் விளைவிக்காதென்று உறுதிப்படுத்த முடியவில்லை எனக் கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதனை உணவில் தடைசெய்தது. பிரித்தானிய நிபுணர்கள் அம்முடிவை ஏற்கவில்லை. படித்தவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வராத விடயம் இது என்பதைக் காட்டவே இதனைச் சொன்னோம்.

மண்ணுக்கும் குளத்துக்கும்

கமக்காரருக்கு நெருக்கமான ஆய்வு 2012இல் கலிபோர்னியாவில் நடந்தது. சோயா அவரையை மண்ணில் வளர்த்து, அம்மண்ணில் இருவகை நனோ துணிக்கைகளைக் கலந்தனர். ஒன்று வெயிற் களிம்பில் வரும் நாக ஒக்சைட்டு. மற்றது சில நாடுகளில் டீசலுடன் கலக்கப்படும் சீரியம் ஒக்சைட்டு. நாகம் வேரால் ஏறி இலையிலும் விதையிலும் சேர்ந்தது, செடி வாடவில்லை. சீரியம் அப்படியல்ல. அளவு கூடியபோது, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுகள் தம் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. உழுந்து, பயறு, கௌபி, கச்சான் யாவும் அதே வேர்முடிச்சை நம்பியுள்ள பயிர்கள். யூரியா கிடையாத காலத்தில் எமது மண்ணைக் காத்ததும் அந்த முடிச்சுகளே. சீரியத்தை எவரும் வவுனிக்குளத்தின் கீழ் வயலில் ஊற்றவில்லை என்பது உண்மைதான். ஆயினும், வெளியில் பச்சையாகத் தெரியும் செடியின் வேரில் என்ன நடக்கிறது என்று தோண்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பதை இந்த ஆய்வு காட்டிற்று.

குளத்துக்கும் ஓர் ஆய்வு உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் 2014, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் நனோ வெள்ளியைச் சிறிது சிறிதாகச் சேர்த்தனர். நாற்றம் வராதிருக்க, கிருமி கொல்ல என்று காலுறைகளிலும் துணிகளிலும் சேர்க்கப்படும் அதே வெள்ளி. துவைக்கும் நீருடன் அது கழன்று போவது முன்பே கண்டறியப்பட்டிருந்தது. ஏரி நீரில் லீற்றருக்குச் சில மைக்கிரோகிராம் அளவே இருந்தது. மீன்கள் செத்து மிதக்கவில்லை. ஆனால் மீனின் உடலில் வெள்ளி சேர்ந்தது. ஏரியிலிருந்த சிறுமீன் இனமொன்றின் தொகை குறைந்தது. கண்ணாடித் தொட்டியில் நான்கு நாள் வைத்துப் பார்க்கும் சோதனை இதனைக் காட்டியிராது.

இந்த ஆராய்ச்சிகள் மெதுவாக நடப்பதற்குக் காரணம் அறிஞரின் சோம்பல் அல்ல. துணிக்கை மண்ணில் விழுந்ததும் பழைய துணிக்கையாக இருப்பதில்லை. சில ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், சில கரையும், சிலவற்றைச் சுற்றி மண்ணின் உக்கல் படியும். மேலும், மண்ணில் இயற்கையாகவே நாகமும் களித் துணிக்கையும் இருக்க, ஆலையில் செய்தது எது, மண்ணுக்குரியது எது என்று பிரித்தறிவது, கலங்கல் வெள்ளத்தில் நாம் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீரைத் தேடுவது போன்றது. செம்மண்ணில் கண்டது களிமண்ணில் பொருந்தாது. குளிர்நாட்டு ஏரியில் கண்டது எமது குளத்தில் அப்படியே நடக்குமென்றும் இல்லை.

போத்தலில் இருந்தது என்ன?

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். 2021இல் வந்த திரவம் இந்தியாவின் இஃப்கோ எனும் கூட்டுறவு நிறுவனத்தின் தயாரிப்பு. இந்திய அரசு அதே ஆண்டு பெப்ரவரியில் அதற்கு அனுமதி வழங்கியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டில், நனோ விவசாயப் பொருள்களின் பாதுகாப்பை எவ்வாறு சோதிக்க வேண்டும் என்ற வழிகாட்டலையும் இந்தியா வெளியிட்டிருந்தது. தமது பொருள் அதன்படி சோதிக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் கூற்று. சுமார் 11,000 வயல்களில் பரீட்சித்ததாகவும் சராசரி 8 வீதம் விளைச்சல் கூடியதாகவும் அது கூறியது. ஒரு போத்தல் ஒரு மூடை யூரியாவுக்கு ஈடு என்பதே விளம்பரத்தின் சாரம்.

கணக்கைப் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூடையில் 46 வீதம் நைதரசன்; அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். அரை லீற்றர்ப் போத்தலில் 4 வீதம். அதாவது 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு! ஒரு தொன் நெல் விளைவதற்குப் பயிர் 15 முதல் 20 கிலோ வரை நைதரசனை உள்வாங்க வேண்டும். போத்தலிலுள்ளது ஒரு துளி வீணாகாமல் இலைக்குள் போனாலும், ஒரு கிலோ நெல்லுக்கே அது காணும். மிகுதி மண்ணிலிருந்தோ எருவிலிருந்தோதான் வர வேண்டும். டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் தாவர, மண் விஞ்ஞான சஞ்சிகையொன்றில் இக்கூற்றுகளைக் கடுமையாக விமர்சித்தனர். பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் இரு ஆண்டுகள் செய்த வயற் பரீட்சையில், யூரியாவைக் குறைத்து நனோ தெளித்த இடங்களில் நெல்லும் கோதுமையும் விளைச்சலில் குறைந்தன. தானியத்தின் புரதமும் குறைந்தது. நிறுவனம் தன் பொருளைத் தொடர்ந்து ஆதரித்தே வந்தது. ஆயினும் 2024இல் 20 வீத நைதரசனுள்ள புதிய வகையொன்று வந்தமை கவனிக்கத்தக்கது. அதிலும் ஒரு போத்தலுக்கு 100 கிராம்தான்.

பாதுகாப்புக் கேள்வியும் இங்கேயே தொடங்குகிறது. யூரியா நீரில் எளிதாகக் கரைவது. கரைந்துவிட்டால் அங்கே துணிக்கை ஏது? கரைந்திருந்தால் அது மிகவும் ஐதான யூரியாக் கரைசல்; இலையில் யூரியா தெளிப்பது கமக்காரருக்குப் பழைய சங்கதி, இவ்வளவு சிறிய அளவினால் ஆளுக்குத் தீங்கில்லை. கரையாமல் துணிக்கையாகவே நிற்குமாயின், அதனைக் கரையவிடாமல் சுற்றிப் பிடித்திருக்கும் பொருள் எது? சோதிக்கப்பட வேண்டியது அந்தப் பொருளும்தான். போத்தலின் ஒட்டுத்தாளில் நைதரசன் வீதத்தை மட்டும் எழுதினால் இக்கேள்விக்கு விடை கிடையாது.

எமது அபிப்பிராயத்தைச் சொல்வதானால், அந்தப் போத்தல் பேரப்பிள்ளைக்கு நஞ்சாக இருந்திருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. அதன் ஆபத்து வேறிடத்தில் இருந்தது. ஒரு மூடைக்கு ஈடு என்று நம்பிப் பயிரைப் பட்டினி போட்ட குடும்பத்துக்கு, அடுத்த அறுவடை வரை அதுவே சுகாதாரப் பிரச்சினை. கடன்பட்டு விதைத்தவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

நனோ என்ற பெயரால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதும் நியாயமன்று. எமது நாட்டின் நனோ தொழில்நுட்ப நிறுவகமான ஸ்லின்ரெக்கின் ஆராய்ச்சியாளர் 2017இல் வேறொரு வழியை வெளியிட்டனர். எலும்பிலும் பல்லிலும் உள்ள ஐதரொக்சிஅபற்றைற்று எனும் கனிமத்தின் நனோ துணிக்கைகளில் யூரியாவைப் பிணைத்தனர். மண்ணில் இடும்போது யூரியா ஒரேயடியாகக் கரைந்து ஓடாமல், சாதாரண யூரியாவைவிடப் பன்னிரு மடங்கு மெதுவாக வெளிவந்தது. பாதியளவு யூரியாவுடனேயே நெல் நன்கு விளைந்ததாக அறிக்கையிட்டனர். துணிக்கை எது, ஏன் அது, எவ்வளவு என்பதெல்லாம் யாவரும் வாசிக்கக்கூடியதாக எழுதப்பட்டது. இதுவும் போகம் போகமாக மண்ணில் சேரும்போது மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் என்ன செய்கிறது என்று பார்க்கப்பட வேண்டியதே. ஆனால் கேள்வி கேட்க ஒரு பிடி இருக்கிறது.

மறுபடி போத்தல் வந்தால்

நைதரசனைவிட நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை நாகம், செம்பு, வெள்ளி ஆகியவற்றின் நனோ தயாரிப்புகள். கிருமியையும் பூஞ்சணத்தையும் கொல்லவென்று செய்யப்படுபவை, மண்ணிலுள்ள நல்ல நுண்ணுயிரையும் குளத்து உயிர்களையும் விட்டுவைக்கும் என எதிர்பார்க்க முடியாது. இத்தகைய போத்தலை யாராவது இலவசமாகவோ மானியமாகவோ நீட்டினால், கமநல சேவை நிலையத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டு அறியுங்கள். துணிக்கை என்ன பொருள், எதனால் போர்த்தப்பட்டது, எமது நாட்டு வயலில் எத்தனை போகம் பரீட்சித்தார்கள், மீனிலும் மண்புழுவிலும் சோதித்தார்களா? விடையை எழுத்தில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தெளிப்பவர் காற்றுக்கு முதுகு காட்டி நடக்க வேண்டும். தூறல் மெல்லியதாகுந்தோறும் அது நெஞ்சுக்குள் ஆழமாகப் போகும். இயந்திர ஸ்பிறேயரின் புகைபோன்ற தூறல்தான் கைப்பம்பினதைவிடக் கவனத்துக்குரியது. தோளில் கிடக்கும் துவாயை வாயில் கட்டுவது நனோ துணிக்கைக்குத் தடையாகாது. கொரோனாக் காலத்தில் விற்ற, முகத்தோடு இறுகப் பொருந்தும் தடித்த முகக்கவசம் ஓரளவு உதவும். ஸ்பிறேயரை வாய்க்காலிலோ குளத்திலோ கிணற்றடியிலோ கழுவ வேண்டாம். குளித்து உடுப்பை மாற்றிய பின் பிள்ளையைத் தூக்கலாம். வெறும் போத்தலில் மண்ணெண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றி வைக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. அதனை விட்டுவிட வேண்டும். பெரியவரின் வீட்டிலும் அந்தப் போத்தல் குசினித் தட்டில்தான் இருந்தது. அன்றே அது அங்கிருந்து இறங்கிவிட்டது, இறக்கியவர் மனைவி.

ஸ்பிறேயர் வாங்கும் காசுக்கு ஒரு சோதனையையும் செய்து பார்க்கலாம் என்று பெரியவருடன் பேசி முடிவு செய்தோம். இனி எந்தப் புதுப் போத்தல் வந்தாலும், ஒரே வயலில், ஒரே நாள் விதைத்த இரண்டு துண்டுகளை வரம்பு கட்டிப் பிரிப்பார். ஒன்றில் வழமையான பசளையும் குழையும். மற்றதில் போத்தல் சொல்வதுபோல. அறுவடையின்போது இரண்டு துண்டு நெல்லையும் தனித்தனிச் சாக்கில் கட்டி நிறுக்க வேண்டும். நிறையைக் கொப்பியில் எழுதிவைக்கும் பொறுப்பை, பத்தாம் வகுப்பில் படிக்கும் மூத்த பேத்தி ஏற்றுக்கொண்டாள். தன் கொப்பியில் வேர்முடிச்சுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்றாள் அவள். கரை நிலத்தில் உழுந்து போட்டு, பூக்கும் காலத்தில் இரு பக்கமும் பத்துப் பத்துச் செடி பிடுங்கி எண்ணப் போகிறாளாம்.